தாது இழப்பு அச்சம்

தாது இழப்பு அச்சம் என்பது, விந்து வெளியேறுவதால் உடல் வலிமை, நினைவாற்றல், ஆண்மை ஆகியவை குன்றிவிடும் என்ற நம்பிக்கையினால் ஏற்படும் மனக்கலக்கமும், அதனுடன் சேர்ந்து தோன்றும் உடற்குறிகளும் அடங்கிய ஒரு நிலையாகும். உளமருத்துவத்தில் இது தாது நோய்க்குறித்தொகுப்பு என அழைக்கப்படுகிறது. இந்தியா, இலங்கை, பாக்கித்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் உள்ள ஆண்களே பெரும்பாலும் இதனால் துன்புறுகின்றனர். ஆகவே கல்லூரி மாணவர்களிடையே நிலவும் பாலியல் பற்றிய தவறான நம்பிக்கைகளுள் இது முதன்மையான ஒன்றாகும். விந்து வெளியேறுவதால் உடலுக்கு எத்தீங்கும் இல்லை. ஆனால் அதைக் குறித்த அச்சத்தினால் வரும் சோர்வும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் கற்பனையானவை அல்ல.

பெயர்

தாது என்பது உடலைத் தாங்கும் கட்டினைக் குறிக்கும் வடசொல். சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளால் ஆனதாகக் கொள்கிறது. அவை சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் (பெண்களில் சுரோணிதம்) என்பனவாகும். ஆயுர்வேதத்தின் வரிசையும் ஏறக்குறைய இதுவே. ஒன்றிலிருந்து மற்றொன்று உருவாகிறது என்றும், கடைசியாக உருவாவது சுக்கிலம் என்றும் கருதப்பட்டதால், உடலின் மிகச் செறிந்த சாறு அதுவே என்ற எண்ணம் வேரூன்றியது. பேச்சு வழக்கில் தாது என்ற சொல்லே விந்தைக் குறிக்கலாயிற்று.

1960 ஆம் ஆண்டில் இந்திய உளமருத்துவர் நரேந்திர நாத் விக் இந்நிலைக்குத் தாது நோய்க்குறித்தொகுப்பு என்ற பெயரை வழங்கினார். தமிழில் தாது நட்டம், தாது போதல் என்று கூறுவர். இலங்கையில் சுக்கில பிரமேகம் என்றும், யூனானி மருத்துவ மரபில் சிரியான் என்றும் அழைக்கப்படும் நிலைகள் இதனோடு நெருங்கியவை. சீனாவில் சென்குயி எனப்படும் நிலையும் விந்து இழப்பால் சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றுவதாகக் கருதும் நம்பிக்கையிலிருந்து எழுவது.

நம்பிக்கையும் கணக்கும்

நாற்பது வேளை உணவு ஒரு துளி இரத்தமாகிறது, நாற்பது துளி இரத்தம் ஒரு துளி மச்சையாகிறது, நாற்பது துளி மச்சை ஒரு துளி விந்தாகிறது என்பது தெற்காசியாவெங்கும் வழங்கும் ஒரு கணக்கு. இதனைச் சிறிது சுருக்கியும் மாற்றியும் ஊர்தோறும் கூறுவர். இக்கணக்கை அப்படியே பெருக்கிப் பார்த்தால் ஒரு துளி விந்துக்கு 64,000 வேளை உணவு தேவைப்படும். நாளொன்றுக்கு மூன்று வேளை உண்பவருக்கு ஒரு துளி உருவாக ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகும். பதினைந்து வயதில் பருவமடையும் எவரும் இக்கணக்கு பொய் என்பதற்குச் சான்றாவர். எனினும் இதைச் சொல்பவர்களும் கேட்பவர்களும் பெருக்கிப் பார்ப்பதில்லை. எண்கள் இங்கு அளவைக் காட்டுவதற்காக அன்றி, பொருளின் அருமையை உணர்த்தவே பயன்படுகின்றன.

தமிழ்நாட்டில் இந்நம்பிக்கை உடல் சூடு என்ற கருத்துடன் இணைந்துள்ளது. சூடு மிகுந்தால் தாது நீர்த்துப் போகும் என்றும், நீர்த்த தாது சிறுநீரோடு கசியும் என்றும் கூறப்படுகிறது. எண்ணெய்க் குளியல், வெந்தயம், இளநீர் போன்றவை இதற்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றால் தீங்கில்லை. ஆனால் பயன் கிடைத்ததாகத் தோன்றும்போது நோய் இருந்தது என்ற எண்ணமும் உறுதிப்பட்டு விடுகிறது.

துறவற நெறிகளில் விந்தடக்கம் ஒரு நோன்பாகப் போற்றப்படுகிறது. காந்தியும் பிரமச்சரியத்தை இக்கருத்துடன் இணைத்து எழுதியுள்ளார். பத்தமடையில் பிறந்து, மருத்துவம் பயின்று, பின்னர் துறவியான சுவாமி சிவானந்தரும் பிரமச்சரியப் பயிற்சி குறித்துத் தனி நூல் எழுதினார். நோன்பு என்பது ஒருவர் தாமே மேற்கொள்வது. அது இக்கட்டுரையின் பொருள் அன்று. நோன்பு நூற்காத இளைஞனின் உடல் அழிந்துவிடும் என்பது ஒரு மருத்துவக் கூற்றாகும். அதனை மருத்துவத்தின் அளவுகோலாலேயே சோதிக்க வேண்டும்.

உடலியல் உண்மைகள்

விந்து இரத்தத்திலிருந்தோ எலும்பு மச்சையிலிருந்தோ வடித்தெடுக்கப்படுவது அன்று. அதன் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் எஞ்சியதில் பெரும்பங்கு முன்னிற்குஞ் சுரப்பியிலும் சுரக்கும் நீர்மமாகும். விரைகளில் உருவாகும் விந்தணுக்கள் மொத்தக் கனவளவில் சில விழுக்காடு மட்டுமே. ஒரு முறை வெளியேறும் அளவு பொதுவாக 2 முதல் 5 மில்லிலீட்டர் வரை இருக்கும். அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். இதில் நீரே மிகுதி. சிறிதளவு சர்க்கரை, புரதம், துத்தநாகம் முதலிய உப்புகள் உண்டு. ஒரு வாய் சோற்றில் இதைவிடக் கூடுதல் ஊட்டம் உள்ளது.

விந்தணு ஒன்று முதிர்வதற்கு இரண்டு முதல் இரண்டரை மாதங்கள் ஆகின்றன. ஆனால் உற்பத்தி இடைவிடாது நடப்பதால் நாள்தோறும் கோடிக்கணக்கில் புதியவை உருவாகின்றன. வெளியேறாதவை உடலிலேயே சிதைந்து உறிஞ்சப்படும். சேமித்து வைப்பதால் அவை மூளைக்கோ தசைக்கோ ஆற்றலாக மாறுவதில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுதல் (சொப்பன ஸ்கலிதம்) பருவமடைந்த ஆண்களில் இயல்பாக நிகழ்வது.

சிறுநீரில் தாது போகிறது என்று கூறுவோர் பெரும்பாலும் உண்மையிலேயே எதையோ பார்த்திருப்பர். காரத்தன்மை மிகுந்த சிறுநீரில் பாஸ்பேட்டு உப்புகள் படிந்து பால்போல் கலங்கலாகத் தெரிவதுண்டு. மலச்சிக்கலின்போது முக்குவதால் முன்னிற்குஞ் சுரப்பியின் நீர் சிறிது வெளிவருவதும் உண்டு. இரண்டும் நோயல்ல. அதே வேளையில் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், சீழ், விந்தில் இரத்தம், விரையில் வலி அல்லது கட்டி ஆகியவை இவ்வகையில் சேரா. அவற்றுக்கு உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

குறிகள்

உடல் அசதி, கை கால் வலி, முதுகுவலி, பசியின்மை, படபடப்பு, கவனக்குறைவு, மறதி ஆகியவை வழக்கமாகக் கூறப்படும் குறிகள். கன்னம் ஒட்டிப்போதல், கண் குழி விழுதல், உறுப்பு சிறுத்துவிட்டதாக எண்ணுதல் ஆகியவையும் கூறப்படுவதுண்டு. குற்றவுணர்வு பெரும்பாலும் உடனிருக்கும். இவர்களுள் பலருக்கு மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருப்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது.

இந்நிலை தன்னைத்தானே மெய்ப்பித்துக் கொள்ளும் தன்மை உடையது. விடுதியில் ஒரு மாணவன், சுய இன்பத்தால் நினைவாற்றல் போய்விடும் என்று கேள்விப்படுகிறான். அன்றிரவு தூக்கம் வருவதில்லை. மறுநாள் வகுப்பில் பாடம் மனத்தில் தங்குவதில்லை. கேள்விப்பட்டது சரிதான் என்று முடிவு செய்கிறான். தேர்வு நெருங்கும்போது அச்சம் மேலும் கூடுகிறது. கவனம் மேலும் குறைகிறது. இவ்வட்டத்தில் விந்துக்கு எந்தப் பங்கும் இல்லை. திருமணம் நெருங்கும்போதும் இவ்வாறே நிகழும். தன்னால் இயலாது என்ற அச்சமே முதலிரவில் இயலாமைக்குக் காரணமாகி, பழைய பழக்கத்தின் விளைவாக அது புரிந்துகொள்ளப்படுகிறது.

மேற்குலகில் இதே அச்சம்

தாது இழப்பு அச்சம் நெடுங்காலம் இந்தியப் பண்பாட்டுக்கே உரிய நோயாக வகைப்படுத்தப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994 ஆம் ஆண்டுக் கையேடு இதனைப் பண்பாடு சார்ந்த நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வரலாற்றை நோக்கினால் இவ்வகைப்பாடு பொருத்தமற்றது என்பது புலப்படும். ஏனெனில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இரண்டு நூற்றாண்டுகள் இதே அச்சத்தில் ஆழ்ந்திருந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வெளியான ஒனானியா என்ற பெயர் குறிப்பிடாத நூல், சுய இன்பத்தின் கேடுகளை விவரித்ததோடு அவற்றுக்கான மருந்தையும் விளம்பரப்படுத்தியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் சாமுவேல் தீசோ 1760 ஆம் ஆண்டில் இப்பொருள் குறித்துப் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்டார். ஓர் அவுன்சு விந்தை இழப்பது நாற்பது அவுன்சு இரத்தத்தை இழப்பதற்கு ஒப்பு என்ற கூற்று அவருடன் இணைத்து வழங்கப்படுகிறது. தமிழூர்களில் வழங்கும் அதே நாற்பதை இங்கும் காணலாம். ஐக்கிய அமெரிக்காவில் சில்வெசுட்டர் கிரகாம் 1830களில் இளைஞர்களுக்கு இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஜான் ஆர்வி கெல்லாக் 1877 இல் வெளியிட்ட நூலும் சுய இன்பத்தைக் கொடிய நோயாகச் சித்திரித்தது. அவர் குடும்பப் பெயரில் காலையுணவு இன்றும் விற்பனையாகிறது. அவருடைய எச்சரிக்கைகளை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

மறுத்தவர்களும் இருந்தனர். இலண்டன் அறுவை மருத்துவர் சேம்சு பாசெட்டு 1870களிலேயே, சுய இன்பம் உடலுறவை விடக் கூடுதலாகவோ குறைவாகவோ தீங்கு செய்வதில்லை என்று எழுதினார். 1948 இல் வெளியான ஆல்பிரட் கின்சியின் ஆய்வில், ஆண்களில் சுமார் 92 விழுக்காட்டினர் சுய இன்பத்தில் ஈடுபட்டிருப்பதாகக் கூறினர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் செய்யும் ஒன்று பைத்தியத்திற்குக் காரணமாயின், ஊரில் பாதுகாவலுக்குக்கூட ஆள் எஞ்சியிருக்க மாட்டார்கள்.

2004 ஆம் ஆண்டில் இலங்கையைச் சேர்ந்த அத்துல சுமதிபால, சிசிர சிரிபத்தன ஆகியோரும் தினேசு புக்ராவும் பிரித்தானிய உளமருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, மேற்குலக வரலாற்றைச் சுட்டி, இது ஒரு பண்பாட்டுக்கு மட்டும் உரியதன்று என வாதிட்டது. அமெரிக்கக் கையேட்டின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, இதனைத் தனி நோயாக அன்றி, துன்பத்திற்கு மக்கள் தரும் ஒரு பண்பாட்டு விளக்கமாகக் குறிப்பிடுகிறது.

நரம்புத் தளர்ச்சி

தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளில் தவறாது காணப்படும் நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லுக்கு இன்றைய மருத்துவத்தில் நிகரான நோய் இல்லை. கை நடுக்கம் முதல் விரைந்து விந்து வெளியேறுதல் வரை எதையும் இதனுள் அடக்குவர். இதனோடு பொருளால் நெருங்கிய ஒரு நோய்ப்பெயரை நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869 இல் பரப்பினார். நரம்புகளின் ஆற்றல் தீர்ந்துவிடுவதால் சோர்வு வருகிறது என்பது அவர் கருத்து. மேற்கில் அப்பெயர் பின்னர் வழக்கொழிந்தது. சீனாவில் அது சென்சிங் சுவாய்ருவோ என்ற பெயரில் நெடுங்காலம் நிலைத்தது. தமிழில் அதன் உறவுச்சொல் பேருந்து நிலையச் சுவர்களில் வாழ்கிறது.

படிப்பும் நம்பிக்கையும்

படித்தவர்களிடம் இந்நம்பிக்கை இராது என்பது பொதுவான எண்ணம். 1961 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு மாறானது. அங்கு மருத்துவப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், சுய இன்பம் மனநோயை உண்டாக்கும் என நம்பினர். ஆசிரியர்களிலும் ஐவரில் ஒருவர் அவ்வாறே நம்பினார். உடற்கூற்றியலில் தேர்ச்சி பெற்றவர்களிடமும், பள்ளி நாளில் காதில் விழுந்த ஒரு கூற்று அசையாமல் இருக்க முடியும். பாடத்திட்டத்தில் அதை எவரும் எடுத்து மறுக்காவிடில் அது தானாக மறைவதில்லை.

சில வேளைகளில் பாடத்திட்டமே தவறான கருத்துகளைச் சுமக்கிறது. கன்னித்திரையைக் கொண்டு ஒரு பெண் உடலுறவு கொண்டவரா என அறியலாம் என்பது அறிவியல் ஆதாரம் அற்றது. உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகள் அவையின் பிற அமைப்புகளும் 2018 அக்டோபரில் கன்னித்தன்மைச் சோதனையை ஒழிக்க அழைப்பு விடுத்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் இருவிரல் சோதனையைக் கண்டித்தது; 2022 அக்டோபரில் அதைச் செய்பவர் தவறிழைத்தவராகக் கருதப்படுவார் என்றது. இருப்பினும் 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட தடயவியல் மருத்துவப் பாட வழிகாட்டியில் கன்னித்திரை வகைகளும் கன்னித்தன்மையும் மீண்டும் இடம்பெற்றன. பெண் தன்பாலீர்ப்பு இயற்கைக்கு மாறான குற்றமாகவும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் செப்டம்பர் தொடக்கத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. இதற்கு முன்னரே, 2021 சூன் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றம் தன்பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதிக்கப் பணித்திருந்தது.

தமிழ்நாட்டில் மருந்து வணிகம்

பனமலை போன்ற சிற்றூர்களிலிருந்து விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் பேருந்தில் கல்லூரி செல்லும் மாணவர், பாலியல் பற்றிய முதல் மருத்துவச் செய்தியைப் பெரும்பாலும் சுவர்களிலிருந்தே பெறுகிறார். பரம்பரை வைத்தியர் எனத் தம்மை அழைத்துக் கொள்வோர், மாதத்தின் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட ஊரின் லாட்ஜ்களில் தங்கி நோயாளிகளைப் பார்ப்பதாக விளம்பரம் செய்வது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். தனியார் தொலைக்காட்சிகள் பெருகியபின் இவர்கள் இரவு நிகழ்ச்சிகளிலும் இடம்பெற்றனர். முதலில் அச்சத்தை வளர்த்து, பின்னர் அதற்கான லேகியத்தையும் சூரணத்தையும் பஸ்பத்தையும் விற்பதே இவ்வணிகத்தின் முறை. ஒனானியா நூலின் உத்தியும் இதுவே.

இவர்களை முறையாகப் பயின்ற சித்த மருத்துவர்களுடன் குழப்பிக் கொள்ளலாகாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதலும், தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதலும் இயங்குகின்றன. பதிவு பெற்ற மருத்துவருக்குப் பதிவெண் உண்டு. அதைக் கேட்பதற்கு நோயாளிக்கு உரிமையும் உண்டு.

மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954, பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. அதன் அட்டவணையில் ஆண்மைக்குறைவும் நரம்புத் தளர்ச்சியும் பெயர் சுட்டியே இடம்பெற்றுள்ளன. முதல் முறை குற்றத்திற்கு ஆறு மாதமும் மீண்டும் செய்தால் ஓராண்டும் வரை சிறை விதிக்கலாம். எல்லா மருத்துவ முறைகளுக்கும் பொருந்தும் இச்சட்டம் எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. சுவரொட்டிகள் குறைந்ததாகத் தெரியவில்லை. மருந்து என்று கூறாமல் ஆலோசனை என்று கூறுவது பலர் கையாளும் வழியாகும்.

பண இழப்போடு உடல் தீங்கும் உண்டு. 2004 இல் அமெரிக்காவின் பாசுட்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ந்தபோது, 14 இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் காணப்பட்டது. ஆண்மை மருந்து என விற்கப்படும் மூலிகைப் பொருள்களில் சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்து சொல்லாமல் கலக்கப்படுவதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இதய நோய்க்கு நைட்ரேட்டு மாத்திரை உட்கொள்பவருக்கு இக்கலப்பு உயிருக்கே ஆபத்தானது.

பெண்களிடையே

பெண்களில் வெள்ளைப்படுதல் குறித்து ஒத்த நம்பிக்கை உள்ளது. எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்பர். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையீடு தொற்றுநோயைவிட மனத்துயரோடும் வாழ்க்கைச் சுமையோடும் வலுவாகத் தொடர்புற்றிருப்பதைக் காட்டியது. அரிப்பு, நாற்றம், நிறமாற்றம், வலி ஆகியவை இருப்பின் மருத்துவச் சோதனை தேவை. பெண்களின் இத்துன்பம் ஆண்களுடையதைப் போல் தனிப் பெயரும் ஆய்வுக் கவனமும் பெறவில்லை.

பொதுவெளியில் பேசுதல்

2000களின் தொடக்கத்தில் விஜய் தொலைக்காட்சியில் உளமருத்துவர் மாத்ருபூதமும் மருத்துவர் சர்மிளாவும் நடத்திய புதிரா புனிதமா நிகழ்ச்சி, இத்தகைய ஐயங்களுக்குத் தமிழில் வெளிப்படையாக விடையளித்தது. மறுபுறம், 2005 இல் திருமணத்திற்கு முந்தைய உறவு, பாதுகாப்பு ஆகியவை குறித்து நடிகை குஷ்பு ஓர் இதழுக்குக் கூறிய கருத்துக்காக அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட புகார்கள் தொடுக்கப்பட்டன. அவற்றை உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. பள்ளிகளுக்கான வளரிளம் பருவக் கல்வித் திட்டத்திற்கு 2007 இல் பல மாநிலங்கள் தடை விதித்தன. பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2009 இல் பரிந்துரைத்தது. சுவரொட்டிகளுக்கு இவ்வளவு எதிர்ப்பு எழுந்ததில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சரியான செய்தி விரைவில் பயன் தரும் என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. 1967 இல் அங்கு, பன்றி இறைச்சி பற்றிய வதந்தி ஒன்றைத் தொடர்ந்து, ஆணுறுப்பு உடலுக்குள் சுருங்கி உயிர் போய்விடும் என்ற கோரோ அச்சம் பரவியது. பெரும்பாலும் சீனர்களான நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு விரைந்தனர். மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் விளக்கமளித்தபின் சில நாட்களிலேயே அது தணிந்தது.

சிகிச்சை

முதற்படி, நோயாளி கூறுவதை நகையாடாமல் முழுமையாகக் கேட்பதாகும். உனக்கு ஒன்றுமில்லை என்று ஒரே சொல்லில் அனுப்பப்படுபவர், அடுத்து லாட்ஜ் வைத்தியரிடமே செல்வார். அவர் குறைந்தது நேரம் ஒதுக்கிக் கேட்பார். சிறுநீர்ச் சோதனை செய்து முடிவை நோயாளிக்கே காட்டி விளக்குவது பலருக்கு உதவும். படங்களுடன் உடலியல் விளக்கம், தளர்வுப் பயிற்சி, எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் உளவியல் சிகிச்சை ஆகியவை பயன்படுகின்றன. மனச்சோர்வோ பதற்றமோ இருப்பின் அவற்றுக்குரிய மருந்துகள் தரப்படும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உளமருத்துவப் புறநோயாளிப் பிரிவில் இதற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். விழுப்புரம் மாவட்டத்தினருக்கு முண்டியம்பாக்கத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. நேரில் செல்லத் தயங்குவோர், 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானசு சேவையை 14416 என்ற எண்ணில் பெயர் கூறாமலும் தமிழிலும் அழைக்கலாம்.